பாதை மெதுவாகத் தாழ்ந்தது

இருநூற்றுப் பன்னிரண்டு வசனங்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் கற்கை நிலையத்திலிருந்து அகீலா சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தாள். ஒன்பதாம் பயிற்சி, பதினாலாம் வசனம்.

சுலோஜனா அந்த அச்சுப்படியைப் பிரித்த கையோடு அகீலாவின் குரல் செய்தியும் வந்து விழுந்தது. "புள்ள, கொழும்புல புத்தகங்களைப் பாத்து ஏற்கிற ஆக்கள் கடிதம் போட்டிருக்காங்க. அந்த ஒரு சொல்லை மாத்தாட்டிப் புத்தகத்தை ஏற்க ஏலாதாம். வியாழக்கிழமைக்குள்ள வந்து கையெழுத்து வெச்சிட்டுப் போ. நானே மாத்தி அனுப்பியிருப்பன். உன்னட்டக் கேக்காம மாத்த மனம் வரல்ல."

புத்தகம் அவள் கணவன் நிலோஜனுடையது. சுரங்கமும் புவிச்சரிதவியலும் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் பழக்குவதற்காகப் பதினான்கு வருடம் சனிக்கிழமை தோறும் அவன் எழுதிச் சேர்த்த பயிற்சித் தாள்கள். போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து எழுத்துத் தேய்ந்துபோன தாள்கள். போன மாரியில், வெள்ளம் வடிய முன்னமே மண் மாதிரி எடுக்கவென்று வயல் வட்டைக்குள் இறங்கினான். எலிக்காய்ச்சல் வந்தது. எட்டு நாள்தான். அவன் போன பிறகே, அந்தத் தாள்களை அவன் பெயர் போட்டு நூலாக்க வேண்டும் என்று அவன் படிப்பித்த கற்கை நிலையத்துக்குத் தோன்றியது. அவன் பெயரில் உலகத்தில் இருக்கப் போகிற ஒரே நூல். பிள்ளையில்லாத வீட்டில் இருந்துகொண்டு சுலோஜனா பதினொரு மாதமாகக் காத்திருந்தது இதற்காகத்தான்.

வட்டம் போட்ட வசனத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒரு பக்கத்தில் பன்னிரண்டு சாக்குக் கல் ஏற்றப்பட்டதால் பாதை மெதுவாகத் தாழ்ந்தது. ஆங்கிலத்தில் அவன் பாதைக்குப் போட்டிருந்த சொல் 'பாத்'. அதுதான் வில்லங்கம். ஆங்கிலக்காரனுக்குப் பாத் என்றால் கால் நடையாகப் போகிற வழி. அது தாழவும் மாட்டாது, மிதக்கவும் மாட்டாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்காரருக்கோ பாதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாவியைக் கடக்க ஏறுகிற மிதவைதான். பிணைத்த தோணிகளின் மேல் பலகைத் தட்டு, தட்டின் மேல் மனிதரும் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும். அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, அச்சுப்படியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெல்லாவெளியிலிருந்து மண்டூர்த்துறைக்கு வந்தாள். பாதை அப்போதுதான் அக்கரையிலிருந்து வந்து முட்டியது.

"என்ன மகள், கந்தோர் இல்லையா இண்டைக்கு?" என்றார் பாதையில் வேலை செய்கிற சாமித்தம்பி.

"இல்ல மாமா. டவுனுக்குப் போறன்."

"போங்க, போங்க. இஞ்சால வந்து நில்லுங்க, அங்கால பாரம் கூட." பிறகு அவளைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தம்பி, உன்ட சைக்கிளுக்கென்ன பொம்புளையா பாத்திருக்கு, ஓரமா வெச்சிட்டு வெக்கப்படுறாய்? நடுவுக்கு எடு! சரிஞ்சா எல்லாரும்தான் குளிக்கணும்."

பக்கத்தில் நின்ற பெண் கைத்தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தாள். "நான் பாதையில நிக்கன்! பாதையில எண்டு சொல்றனே, கேக்குதா? பாதை இப்பதான் வெளிக்கிடுது!"

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று சுலோஜனாவின் மனம் தன்பாட்டில் தேடியது. பாதி வசனத்தில் நிறுத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாகியும் அதற்கு மேல் போக முடிவதில்லை.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. மட்டக்களப்பில் கனிமத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்த இருபத்துநாலு பேரில் படுவான்கரையிலிருந்து போனவள் அவள் ஒருத்திதான். விடியற்காலையில் பாதையேறிக் குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து, எட்டு மணிக்குள் வகுப்பில் இருப்பாள். கல்லைக் கண்டால் அவளுக்குப் பயமில்லை. கையில் வாங்கி நிறுத்துப் பார்த்து, நகத்தால் கீறி, சில நேரம் நாக்கில் வைத்தும் பார்த்து, இன்ன கல் என்று சொல்லிவிடுவாள். ஆங்கிலம் மட்டும் தொண்டையில் நின்றது. வருட முடிவில் கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். அவர் முன்னால் தனியே நின்று பேச வேண்டும். ஒரு மாதிரியை எங்கே எடுத்தாய், எப்படி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தாய், ஆறு வசனம். அவ்வளவுதான். ஆறு வசனத்தையும் அவள் மூன்று வாரமாகப் பாதையில் நின்றபடி, உதடு அசைய, பாடமாக்கினாள்.

பரீட்சகர் நல்ல மனிதர். பெரிய புவிச்சரிதவியலாளர் என்றார்கள். தமிழ் மருந்துக்கும் தெரியாது. அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள். மாதிரி மண்டூரில் எடுக்கப்பட்டது. பன்னிரண்டு சாக்குகளில் போடப்பட்டது. பாத்தில் கொண்டுவரப்பட்டது. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு சாக்குக் கல் ஏற்றப்பட்டதால் பாத் மெதுவாகத் தாழ்ந்தது.

அவருடைய பேனை நின்றது.

"தாழ்ந்ததா? எவ்வளவு?"

"கணுக்கால் அளவு, சேர்."

"எப்போது?"

"திங்கட்கிழமைகளில், சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நிலம் தாழ்வது அவருடைய துறை. அதைப் பற்றி ஆராய்ச்சியே செய்தவர். "அதற்குக் கீழே என்ன? சுண்ணாம்புக் கல்லா?"

"கீழே தண்ணீர், சேர்."

"நிலத்தடி நீர்!"

"இல்லை சேர். வாவி."

"ஆட்களுக்கு ஏதும் ஆபத்து?"

"இல்லை சேர். பாத் கரைக்கு வந்ததும் எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்."

"பாத் கரைக்கு வந்ததா?"

"ஓம் சேர். கொஞ்சம் பிந்தித்தான் வந்தது."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால் சித்தி.

கதவு திறந்தே கிடந்ததால் வராந்தாவில் வரிசையில் நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் வெளியே வந்தபோது ஒருவன், "சுலோட ஊருல றோட்டெல்லாம் நீந்துமாம் டோய்!" என்றான். இன்னொருவன், "நாளைக்கு வரக்குள்ள ஒரு சந்தியையும் கட்டி இழுத்துக்கொண்டு வா கா" என்றான். அவள் கல் மாதிரிகள் அடுக்கியிருந்த கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

அடுத்த ஆள் நிலோஜன். சித்தாண்டிக்காரன். வகுப்பிலேயே ஆங்கிலம் சரளமாக வருகிறவன் அவன்தான். உள்ளே போய் நின்று, பரீட்சகர் கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத் தொடங்கினான். எங்கள் மாவட்டத்தில் பாத்துகள் மிதக்கின்றன. ஒரு பாத் இரண்டு தோணிகளின் மேல் கட்டப்படுகிறது. காற்று அடித்தால் பாத் கிறுகித் திரும்பிவிடும். மழைக்காலத்தில் பாத் ஓடாது. இப்படி ஆறு வசனம். பரீட்சகருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்திருப்பார். அவனுக்கு விழுந்தது முப்பத்தொன்று.

இருபத்துநாலு பேரில் இரண்டு பேர் பெயில். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி சோதனை எடுக்க வேண்டும்.

அந்த மூன்று மாதமும்தான் சுலோஜனாவின் வாழ்க்கையில் மிக நீளமான காலமாக இன்றைக்கும் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கட்டிடத்தின் பின்பக்கம் வாவியைப் பார்த்தபடி இருவரும் குந்துவார்கள். துளையிட்டு எடுத்த கல்லுருளைகளை அடுக்கி வைக்கும் நீட்டுப் பெட்டிகளே அவர்கள் உட்காரும் வாங்கு. இறந்தகாலம், நிகழ்காலம், செயப்பாட்டு வினை. அவன் ஒரு வசனம் சொல்லுவான், அவள் மாற்ற வேண்டும். கல் உடைத்தார்கள், கல் உடைக்கப்பட்டது. மண் சலித்தார்கள், மண் சலிக்கப்பட்டது. நாலு மணிக் காற்று எழும்பி வாவியைச் சுருக்கும்போது அவன் புத்தகத்தை மூடிவிடுவான்.

"ஏன் வேணுமெண்டு பெயிலானீங்க?" என்று முதல் கிழமையே கேட்டாள்.

"ஆரு வேணுமெண்டு பெயிலான? எனக்கு அதுக்கு இங்கிலிசுச் சொல்லுத் தெரியாது."

"பொய்."

"முருகனாண தெரியாது."

"சித்தாண்டி முருகனா, மண்டூர் முருகனா?"

"ரெண்டு பேருமே என்னைக் கைவிட்டதாலதானே உங்களோட குந்திக்கிட்டிருக்கன்."

கலியாணம் முடித்து, வெல்லாவெளியில் வீடெடுத்து, அவள் நீர்ப்பாசனக் கந்தோரில் மண் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவன் அந்தப் பதிலை மாற்றவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை. மறுசோதனையில் அவள் நாற்பத்தாறு எடுத்துச் சித்தியடைந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஆங்கிலம் வரவே இல்லை. படிவம் நிரப்புவாள், அறிக்கை எழுதுவாள். ஆங்கிலத்தில் யாராவது தொலைபேசி எடுத்தால் ரிசீவரைப் பக்கத்து மேசைக்கு நீட்டிவிடுவாள். வீட்டில் நிலோஜன் சனிக்கிழமை வகுப்புக்கென்று வசனம் கட்டும்போது அவளை இழுத்துப் பார்ப்பான். "சொல்லு பாப்பம். உன்ட இங்கிலிசில பிழையே இல்ல, சுலோ."

"பிழையில்லாமலா முப்பத்தெட்டுப் போட்ட?"

"அது அந்தாள்ட கணக்கு."

"போங்க, போய் உங்கட புள்ளைகளுக்குச் சொல்லுங்க."

மனைவியைச் சமாதானப்படுத்துகிற பேச்சு அது என்று அவள் வைத்திருந்தாள். எல்லாப் புருஷனும் குழம்பில் உப்புக் கூடினாலும் ருசி என்பது போல.

குருமண்வெளியில் இறங்கி, பஸ் ஏறி, கற்கை நிலையத்துக்கு வந்து சேரப் பத்து மணி கடந்துவிட்டது. ஆங்கிலப் பிரிவுக்கு இப்போது அகீலாதான் பொறுப்பு. காத்தான்குடிக்காரி. அதே இருபத்துநாலு பேரில் ஒருத்தி. அன்று வராந்தாவில் நின்று சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்று அவளே பலமுறை சொல்லி, பலமுறை மாப்புக் கேட்டிருக்கிறாள்.

"வா புள்ள, இரி. மெலிஞ்சிட்டாய். சாப்பிடுறல்லையா நீ?" தேத்தண்ணியும் ஒரு தட்டில் மஸ்கட் இனிப்பும் முன்னால் வந்தன. "முதல்ல தின்னு. பொறகு சண்டை புடிப்பம்."

"நான் சண்டைக்கு வரல்ல."

"உன்ட முகத்தைப் பாத்தா வட்டைக்குத் தண்ணி மறிச்சவன்ட வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கு. சொல்லு."

சுலோஜனா அச்சுப்படியை எடுத்து மேசையில் வைத்தாள். "அந்தச் சொல்லை மாத்த வேணாம் அகீலா."

"அதுக்கு இங்கிலிசு ஃபெரி எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரோட்டுல போறவனுக்கும் தெரியும். அவன்ட நினைவுக்கெண்டு பிழையை அச்சடிச்சா நாளைக்கு நம்மட புள்ளைகள் சோதினையில பாத் எண்டு எழுதிட்டு வந்து நிக்கும். உனக்குப் பட்டது காணாதா?"

"அந்தச் சொல்லு போனா புத்தகத்தில அவர் இல்ல."

"என்ன பேச்சுப் பேசுறாய்? இதுல எந்தப் பக்கத்தில அவன் இல்ல?" அகீலா தாள்களைப் புரட்டினாள். "இஞ்ச பார். 'என் மனைவி காலையிலிருந்து மணல் நிறுத்துக்கொண்டிருக்கிறாள்.' இது ஆரு? 'நான் தடுக்குமுன் அவள் கல்லை நக்கிவிட்டாள்.' இதாரு? 'பிடிவாதக்காரத் தொழில்நுட்பவியலாளரால் துளைகோல் வளைக்கப்பட்டது.' இதைப் பாடம் நடத்தக்குள்ள எனக்குச் சிரிப்பு அடங்கல்ல. அந்தத் துளைகோலை நீ வளைச்ச அண்டைக்கு நானும் நிண்டனான்."

சுலோஜனாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வழியிலேயே அது வேறொன்றாக மாறப் பார்த்தது. தேத்தண்ணியைக் குடித்து அதை அடக்கினாள்.

"அவருக்கு உண்மையா அந்தச் சொல்லுத் தெரியாதா அகீலா?"

"எந்தச் சொல்லு?"

"ஃபெரி. தெரியாமத்தான் பெயிலானன் எண்டு கடைசி மட்டும் சொன்னவர்."

அகீலா அவளையே பார்த்தாள். "அல்லாஹ்வே. இத்தனை வருசமா உனக்கு இது தெரியாதா? நீ உள்ள நிண்டு அந்தாளோட மாரடிக்கக்குள்ள, வெளிய எல்லாரும் சிரிச்சம். சிரிக்காம நிண்டவன் அவன் ஒருத்தன்தான். 'அது ஃபெரி. ஆராவது உள்ள போய் அந்தாளுக்குச் சொல்லுங்களன்டா' எண்டு கத்தினான். ஒருத்தரும் போகல்ல. நீ அழுதுகொண்டு வந்தாய். அவன் உள்ள போனான். சொல்லத்தான் போறான் எண்டு நினைச்சம்."

சுலோஜனா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வட்டத்துக்குள் இருந்த வசனத்தைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தின் தலையில் இருந்த இரண்டு வரிகளில் கண் நின்றது. இத்தனை நாளும் வட்டம் மட்டும்தான் தெரிந்தது.

"இதை வாசி," என்றாள்.

"என்ன, பயிற்சிக் குறிப்பா? 'கீழ்வரும் வசனங்களில் இலக்கணப் பிழை இருப்பின் திருத்துக. இல்லாவிடின் பிழை இல்லை என எழுதுக.'"

"பதினாலுல இலக்கணப் பிழை இருக்கா?"

"பாத் எண்டு…"

"சொல்லை விடு. இலக்கணம். என்னைச் சோதிச்ச மாதிரி இதையும் சோதி."

அகீலா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஆங்கிலப் பிரிவின் பொறுப்பாளர் என்ற தோரணை தானாக வந்தது. விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்தாள். எழுவாய் ஒருமை. வினை இறந்தகாலம். பிள்ளைகள் இந்த இடத்தில் மற்ற வடிவத்தைப் போட்டுப் பிழைவிடும், அவன் சரியானதைப் போட்டிருக்கிறான். சாக்குகள் பன்மை, துணைவினையும் பன்மை. செயப்பாட்டு வினை சரி. இடைச்சொல் சரி. முற்றுப்புள்ளி இருக்கிறது. விரல் வசனத்தின் முடிவுக்கு வந்து நின்றது.

"இல்ல," என்றாள் மெதுவாக. "பிழை இல்ல."

"விடையில என்ன போட்டிருக்கார்?"

அகீலா கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "அதைத்தான் போட்டிருக்கான். பதினாலு, பிழை இல்லை."

சுலோஜனா அந்த வரியில் விரலை வைத்தாள். உப்புக் கூடின குழம்பை ருசி என்கிற கதையல்ல இது. விடைப் பட்டியலில் யாரும் யாரையும் தேற்றுவதில்லை. அவள் அந்தப் பரீட்சகர் முன்னால் நின்று சொன்ன வசனத்தை அவன் அப்படியே எடுத்து, முறைப்படி சோதித்து, புள்ளி போட்டு வைத்திருக்கிறான். பதினான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் முப்பது பிள்ளைகளைக் கொண்டு அதைச் சரி என்று எழுதுவித்திருக்கிறான். அவளிடம் அவன் வாயால் சொன்னதையெல்லாம் அவள் தள்ளிவிட்டாள். இதைத் தள்ள முடியாது.

"விடு," என்றாள் அகீலா. அவளுடைய குரல் மாறியிருந்தது. "நான் கொழும்புக்கு எழுதுறன். இலக்கணத்தில ஒரு பிழை காட்டச் சொல்றன். கீழ ஒரு குறிப்புப் போட்டுச் சமாளிக்கலாம், நம்மட ஊர்ப்பக்கத்தில இப்பிடித்தான் சொல்றது எண்டு. ஏத்துக்கொள்ளாம எங்க போறாங்க எண்டு பாப்பம்."

"வேணாம்."

"என்ன வேணாம்? இப்பதானே மாத்தாத எண்டாய்!"

"ஓம். ஆனா நீ சொன்னதுதான் சரி. இதைப் படிச்சுப்போட்டு எந்தப் புள்ளையாவது அந்த மேசைக்கு முன்னால போய் நிண்டா, அதுக்கு முப்பத்தெட்டுத்தான் விழும்." சுலோஜனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூடச் சேந்து பெயிலாக எல்லாருக்கும் ஒராள் கிடைக்குமா, அகீலா?"

அகீலா பேனையை நீட்டினாள்.

சுலோஜனா 'பாத்' என்ற சொல்லின் மேல் ஒரே கோடு இழுத்தாள். கீழே கிடக்கும் சொல் தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. அதன் தலைக்கு மேல் புதுச் சொல்லை எழுதப் போய், கை நின்றது.

"ஃபெரிக்கு 'ஆர்' எழுத்து ஒண்டா, ரெண்டா?"

"ரெண்டு."

எழுதினாள். விடைப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். அங்கே மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. சொல் மாறினாலும் பதினாலுக்கு விடை அதேதான். பக்கத்தின் அடியில் கையெழுத்தை வைத்தாள்.

"முழுசா ஒருக்கா வாசி," என்றாள் அகீலா. "சத்தமா. எழுத்துல சரியா இருந்தாலும் காதுக்குப் பிழைக்கும் சில நேரம்."

"நானா?"

"வேற ஆரு? கையெழுத்து உன்டதானே."

கதவு திறந்திருந்தது. வராந்தாவில் அடுத்த வகுப்புக்கான பிள்ளைகள் நின்று சளசளத்துக்கொண்டிருந்தார்கள். சுலோஜனா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தலாமா என்று பார்த்தாள். பிறகு சாத்தாமலே வந்து, தாளைக் கையிலெடுத்துக்கொண்டு, கதிரையில் இருக்காமல் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"த பாத்…"

"ஃபெரி."

"ஓம், ஃபெரி," என்றவள், சிரித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.